விபத்தில்லா நாட்கள்

கேன்சலில் மணிலா போன ரோமெல்
நாற்பது தினாருக்கு விட்டுப்போன பெட்டி.
ஒரு கண்ட்ரோலர், ஒரே ஒரு விளையாட்டு.
மங்காஃபில் மூன்றாம் மாடி, ஐந்து கட்டில்.
ஏசித் தண்ணீர் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
சாம்பல் மலையொன்றின் உச்சியில்
சங்கிலி சுற்றிய அரக்கன் நிற்கிறான்.
அவனுக்கும் பாஸ் என்றுதான் பெயர்.

பக்காலாவில் கொடுத்த காலண்டரின் முதுகில்
இபுராம்சா கோடு போடுகிறான்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
வியாழன் இரவு பத்து மணிவரை எண்பத்தேழு சாவு.

"காசு குடுத்து அடி வாங்குறானுங்க,"
என்கிறார் அன்றைய சமையல்முறைக்காரர் ஜெபமணி.
"நமக்கு அது சும்மாவே கிடைக்குதே.
இதைப் போய் உலகமே கொண்டாடுதாம்.
கஷ்டமா இருந்தா உசத்தியா?
அப்ப நான் இக்காமா புதுப்பிச்ச கதைக்கு
ஒரு கோப்பை குடுக்கச் சொல்லு."

சிரித்தோம்.
ஆனாலும் அவர் கண் திரையை விடவில்லை.
வெங்காயம் பாதியில் கிடந்தது.

நான் வாதாடிப் பார்த்தேன்.
இவன் அடிக்குமுன் தோளை ஏற்றுகிறான், அண்ணே.
ஒவ்வொரு முறையும் ஏற்றுகிறான்.
வலது தோளென்றால் உருள வேண்டும்,
இடதென்றால் அசையாமல் நிற்க வேண்டும்.
செத்தால் தப்பு நம்முடையது,
எந்த இடத்தில் என்பதும் தெரியும்.
நம்ம ஃபோர்மேன் என்றைக்காவது
தோளை ஏற்றிவிட்டு அடித்திருக்கிறானா?

"அதெல்லாம் சரி," என்றான்
மேல்கட்டிலிலிருந்து பூவலிங்கம்.
"இதுல லேசான வழின்னு ஒண்ணு கிடையாதா?"

தேடினோம். ஒலியைக் குறைக்கலாம்,
வெளிச்சத்தைக் கூட்டலாம்,
ரத்தத்தின் நிறத்தைக்கூட மாற்றலாம்.
அது மட்டும் இல்லை.
"லேசாக்கிட்டா அதுக்கென்ன மரியாதை?"
பென்சிலைக் காதில் செருகினான் இபுராம்சா.

பூவலிங்கம் பதில் சொல்லவில்லை.
வெட்டும் பொத்தான் கண்ட்ரோலரின் விளிம்பில் இருக்கிறது,
வலது ஆள்காட்டி விரலுக்கென்று வடித்த பள்ளத்தில்.
அவனுடையது இரண்டாம் கணுவோடு முடிகிறது.

இதை நான் சொல்லியாக வேண்டும்.
ஆலை வாசலில் ஒரு பச்சைப் பலகை:
விபத்தில்லா நாட்கள்.
காலையில் அதன் எண்ணை மாற்றுவதும் என் வேலையில் சேர்த்தி.
சாரக்குழாய் நழுவி அவன் விரல் போன மறுநாள்
முந்நூற்று நாற்பத்திரண்டைக் கழற்றி
முந்நூற்று நாற்பத்துமூன்றை மாட்டினேன்.
'முதலுதவி மட்டும்' என்றது படிவம்.
கையெழுத்து என்னுடையது.
ஆயிரமாவது நாளில் எல்லோருக்கும் பிரியாணியாம்.

அரக்கனை நான் மெச்சுவது அதனால்தானோ என்னவோ.
ஒரு சாவையும் அவன் முதலுதவிக் கணக்கில் எழுதுவதில்லை.
போ, அடிவாரத்திலிருந்து ஏறு என்கிறான்,
யாராயிருந்தாலும் அதே அடிவாரம்.
ஆனால் பத்து விரலையும் கேட்கிறான்.
அதை நேர்மை என்று சொல்ல
ஜெபமணி அண்ணனுக்கு முன்னால் எனக்கு நாக்கு வரவில்லை.

நடுச்சாமத்தில் விழிப்பு வந்தது.
ஒலியில்லாமல் திரை மின்னிக்கொண்டிருந்தது.
கண்ட்ரோலரைத் தொடையில் குப்புறக் கிடத்தி
நடுவிரலை வளைத்துக் குத்தினான் பூவலிங்கம்.
விழுந்தான். ஏறினான். விழுந்தான்.
கோட்டையும் அவனே போட்டான்,
இடது கையால், கோணலாக.
தோளு, தோளு என்று முணுமுணுத்தேன் போர்வைக்குள்.
"தெரியுது சேஃப்டி. நீங்க தூங்குங்க."

வெள்ளியிலும் எனக்கு டியூட்டி, நாலேகாலுக்கு பஸ்.
ஆலை வாசலில் எண் தகடுகள் வேர்த்திருந்தன.
அறுநூற்றுப் பதினொன்றை
அறுநூற்றுப் பன்னிரண்டாக்க வேண்டும்.
போன் அதிர்ந்தது.
பஜ்ருக்கு எழுந்த இபுராம்சா அனுப்பிய படம்:
காலண்டர் நிறைந்து
கோடுகள் சுவரில் இறங்கியிருந்தன.
கீழே ஒரு வரி,
'நூத்தி முப்பத்தொண்ணு. இன்னும் சாகலை அவன்.'

எவன் என்று கேட்க நேரமில்லை.
பின்னால் லாரி ஹாரன் அடித்தது.
பழைய ஒன்றைக் கழற்றிவிட்டேன்.
இரண்டு இன்னும் கையில்.